ஆறு படி, ஒரு கதவு: நாடக செட் ஒன்றின் அளவுக் கணக்கு

செட் சின்னது. 90 செ.மீ. உயரத்தில் ஒரு ப்ளாட்ஃபார்ம், அதில் ஏற ஆறு படி, பக்கச் சுவரில் ஒரு கதவு, சுவராக நிற்க, மரச்சட்டத்தில் துணி அடித்த ஏழு தட்டி. நடிகர்கள் ஏழு பேர். மேடை பழைய பாணி. தரை பின்பக்கம் போகப் போக உயரும். மரவேலைக்கு ஆன நேரத்தைவிட அளவெடுக்க ஆன நேரம் அதிகம் என்பதால் இந்தக் குறிப்பிலும் பாதிக்கு மேல் அளவுகள்தான். ரம்பத்தை எடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு: கட்டடம் எப்படி இருக்கிறது, அதில் நடமாடப்போகும் உடம்புகள் எப்படிப்பட்டவை. பிறகு முளைத்த ஒவ்வொரு கோளாறும், நூல் பிடித்துப் பின்னால் போனால், இந்த இரண்டில் எடுக்காமல் விட்ட ஏதோ ஓர் அளவில்தான் போய் நின்றது.

இடம் வலம் என்று இங்கே சொல்வதெல்லாம் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடமும் வலமும். வரைபடத்தின் மேல் இதைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். முதல் வரைபடத்தில் படிக்கட்டு பார்வையாளர் கணக்கில் வலப்பக்கம் போடப்பட்டிருந்தது. ஒத்திகை அறையில் டேப் ஒட்டும்போதுதான் தெரிந்தது. டேப்பை உரித்து மாற்றி ஒட்டியதோடு போயிற்று. மரத்தில் கட்டிய பிறகு தெரிந்திருந்தால் படியின் சாய்வு வெட்டு முழுவதும் வீண்.

கட்டடம்

அளவெடுப்பைப் பலரும் மேடையில் தொடங்குவார்கள். சாமான் ஏற்றும் வாசலில் தொடங்குவது மேல். இங்கே வாசல் 180 செ.மீ. அகலம், 210 உயரம். அதைத் தாண்டி 150 செ.மீ. அகல நடைபாதை, நடுவில் ஒரு செங்கோணத் திருப்பம். இரண்டு பக்கமும் ஒரே அகலம் என்றால், திருப்பத்தில் வளையக்கூடிய மிக நீளமான பொருளின் நீளம் நடைபாதை அகலத்தைப் போல 2.8 மடங்கு, அதிலிருந்து பொருளின் தடிமனை இருமுறை கழிக்க வேண்டும். 150க்கு 424 வரும், 7 செ.மீ. தடிமனுள்ள பொருளுக்கு 410. ஆகவே 300 செ.மீ. தட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்தால் தாராளமாகத் திரும்பும். நிற்க வைத்தபடி கொண்டுபோக வாசல் உயரம் விடாது. ப்ளாட்ஃபார்ம் முழுசாக 244க்கு 244. அது நிமிர்த்திப் பிடித்தாலும் படுக்க வைத்தாலும் வாசலில் நுழையாது. அதனால் எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட் ஷீட் ஒன்றுக்கு ஒரு சட்டகம், மொத்தம் இரண்டு என்று அங்கேயே முடிவானது. சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் தீயணைப்புக் குழாய், கதவின் மேல்பிடி போன்றவை அளவுநாடாவுக்குத் தெரியாது. 3 மீட்டர் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒன்றைக் கையில் பிடித்து நடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மேடையில் முதல் வேலை நடுக்கோடு. முகப்பு வளைவின் இரண்டு தூண்களுக்கும் நடுவே பாதியைக் குறித்து, 3 மீட்டர், 4 மீட்டர், 5 மீட்டர் முக்கோணம் வைத்துச் செங்குத்தாகப் பின்சுவர் வரை சுண்ணாம்பு நூல் அடிப்பது. அடுத்தது முன்கோடு: தீப்பிடித்தால் மேடையை அரங்கிலிருந்து மறைக்க இறக்கும் தீத்தடுப்புத் திரை வரும் இடத்துக்கு 30 செ.மீ. பின்னால். எல்லா அளவும் இந்த இரண்டு கோட்டிலிருந்தே எடுக்க வேண்டும். சுவரிலிருந்து எடுக்கவே கூடாது. பழைய கட்டடங்களில் எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருப்பது அபூர்வம்.

தீத்தடுப்புத் திரையின் கீழே எதுவும் நிற்கக் கூடாது, ஒரு நாற்காலிகூட. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வாய் அரங்கில் ஒரு விளக்கிலிருந்து திரைத்துணி பற்றிக்கொண்டபோது, இறங்கிய தீத்தடுப்புத் திரை பாதி வழியில் சிக்கி நின்றுவிட்டது. இறந்தவர்கள் 602 பேர். செட் கட்டுபவர் அந்தத் திரையை ஒருமுறையாவது முழுக்க இறக்கி ஏற்றச் சொல்லிப் பார்ப்பது நியாயமான கோரிக்கைதான். பக்கத்திரைகளிலிருந்து வெளிவாசல் வரை 110 செ.மீ. பாதை வரைபடத்திலேயே சிவப்பில் குறிக்கப்பட்டது; முட்டுக்கொடுத்த கால் ஒன்றுகூட அதற்குள் நீட்டக் கூடாது.

தரைச் சரிவு. நேரான 2 மீட்டர் பலகையின் மேல் ரசமட்டம் வைத்து, தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்கி, இடைவெளியை அளப்பது. மூன்று இடத்தில் 38, 40, 41 மி.மீ. வந்தது. சராசரியாக 50க்கு 1, அதாவது மீட்டருக்கு 2 செ.மீ. கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத சரிவு. ஆனால் ப்ளாட்ஃபார்மின் கால், படியின் அடி, தட்டியின் அடி, கதவின் அடி என்று நான்கு இடத்தில் நான்கு விதமாக வந்து நின்றது.

தரையில் ஆணியோ ஸ்க்ரூவோ இறக்க அனுமதி இல்லை. எல்லாம் எடை வைத்தே நிற்க வேண்டும். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பழைய மேடைகளில் தரையிலேயே திறக்கும் பொறிக்கதவு இருக்கும், மேலே கம்பளம் விரித்திருந்தால் தெரியாது. நடுக்கால் ஒன்று சரியாக அதன் மூடியின் மேல் விழுந்தது. ப்ளாட்ஃபார்ம் முழுவதும் 20 செ.மீ. பின்னுக்கு நகர்ந்தது.

பார்வைக்கோடு எடுக்க நான்கு இருக்கை போதும்: முதல் வரிசையின் இரு ஓரம், கடைசி வரிசையின் நடு, பால்கனிக்கு அடியில் கடைசி இருக்கை. ஒருவர் அங்கே உட்கார, இன்னொருவர் மேடையில் கம்பு பிடித்து நகர, பார்வை மறையும் புள்ளியில் டேப். பால்கனியின் அடிவிளிம்பு, ப்ளாட்ஃபார்ம் வரவேண்டிய இடத்தில் 340 செ.மீ. உயரத்தில் பார்வையை வெட்டியது. மிக உயரமான நடிகர் 90 செ.மீ. தளத்தில் ஏறிக் கையைத் தூக்கினால் ஏறக்குறைய 320. இருபது செ.மீ. மிச்சம். தளம் 120 செ.மீ. உயரம் என்று முதலில் பேச்சு இருந்தது. அது இந்த ஓர் அளவோடு முடிந்தது.

ஏழு உடம்புகள்

உடை தைப்பவர் எடுக்கும் அளவு வேறு, தச்சருக்கு வேண்டிய அளவு வேறு. மார்பு, இடுப்பு இங்கே வேண்டாம். வேண்டியவை: செருப்போடும் தலைப்பாகையோடும் உயரம், உடையோடு எடை, உடையின் மிக அகலமான இடம், எந்தக் கை, கண்ணாடி உண்டா, முழங்கால் அல்லது முதுகு வலி உண்டா, உயரத்தில் தலைசுற்றுமா, வெறுங்காலா, மேடைக்கு எதைத் தூக்கிக்கொண்டு வருகிறார். எடையையும் உடல்நலத்தையும் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாது. கூட்டத்தில் கேட்டால் எடையைக் குறைத்துச் சொல்வார்கள், வலியை மறைப்பார்கள். தனியாகக் கேட்டு, அந்தத் தாள் மேடை நிர்வாகியிடமும் செட் பொறுப்பாளரிடமும் மட்டும் இருக்க வேண்டும்.

அந்தத் தாளில் வந்தவை செட்டை நேராக மாற்றின. மிக உயரமானவர் 183 செ.மீ.; செருப்பு 3, தலைப்பாகை 14, மொத்தம் 200. கதவின் உள்ளுயரம் 210 ஆனது அதனால்தான். ஒரு காட்சியில் 62 செ.மீ. அகலப் பெட்டியைக் கையில் ஏந்தியபடி ஒருவர் கதவு வழியாக வர வேண்டும். கைகளுக்கு இரண்டு பக்கமும் 10 செ.மீ. சேர்த்தால் 82. கதவின் உள்ளகலம் 90. இரண்டு பேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நடிப்பவர்கள். அவர்களுக்குப் படி விளிம்பு தரை நிறத்திலேயே இருந்தால் ஆறு படியும் ஒரே சரிவாகத் தெரியும்; விளிம்பில் 25 மி.மீ. பட்டை சற்று வெளிர் நிறத்தில் அடிக்கப்பட்டது, பார்வையாளர் பக்கத்திலிருந்து அது மரத்தின் தேய்மானம் போலத்தான் இருக்கும். ஒருவர் வெறுங்கால்: ஸ்க்ரூத் தலைகளை 1 மி.மீ. கீழே இறக்கி மரத்தூள் பசையால் அடைத்து, எல்லா விளிம்பையும் உப்புத்தாளால் உருட்டியாக வேண்டும். இன்னொருவருக்கு முழங்கால் வலி, ஏறுவதில் இல்லை, இறங்குவதில். ஒருவர் தரையைத் தொடும் பாவாடையில் படி ஏறுகிறார். படியின் ஏற்றம், அதாவது ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உள்ள உயரம், 18 செ.மீ.யிலிருந்து 15க்கு இறங்கியது இந்த இருவராலும்.

மிக எடையானவர் உடையோடு 96 கிலோ. ஒரே சமயம் தளத்தில் நிற்பவர்கள் அதிகபட்சம் நான்கு பேர். அதற்காக 400 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் போதாது. மேடைத்தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். சில நாட்டு விதிகள் அதற்கும் மேலே கேட்கின்றன. கைதட்டு வாங்க எல்லோரும் ஒரே தாளத்தில் குதிக்கும் நாள் ஒன்று வந்தே தீரும் என்பதை மனதில் வைத்தால் இந்த எண் பெரிதாகத் தோன்றாது.

ஒத்திகைத் தரையில்

செட்டின் அடித்தடத்தை நிஜ அளவில் டேப்பால் ஒட்டுவது எல்லோரும் செய்வதுதான். நடுக்கோடும் முன்கோடும் முதலில். பிறகு ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு கோட்டிலிருந்தும் தூரம். காட்சிக்கு ஒரு நிறம். படிகளுக்கு வெறும் செவ்வகம் போதாது, ஒவ்வொரு மிதிக்கும் (கால் வைக்கும் பலகைக்கும்) கோடு ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடிகர் 150 செ.மீ. ஓட்டத்தை இரண்டே எட்டில் தாண்டிப் பழகிவிடுவார். கோடு ஒட்டினாலும் தட்டைத் தரையில் பழகிய வசனம் உண்மைப் படியில் மூச்சு வாங்கும்.

அதனால் கட்டும் வரிசை முக்கியம். வழக்கமாகத் தட்டிகளைத்தான் முதலில் செய்வார்கள், சீக்கிரம் ‘செட்’ மாதிரித் தெரியும் என்பதால். இங்கே முதலில் படி, அடுத்து ப்ளாட்ஃபார்ம், அடுத்து கதவு, கடைசியில் தட்டி. நடிகர் உடம்பால் தொடும் பொருள் எதுவோ அது முதலில் ஒத்திகைக்குப் போக வேண்டும். தட்டியை யாரும் தொடப்போவதில்லை. கதவு வராத நாட்களில் இரண்டு நாற்காலிக்கு நடுவே கம்பு கட்டி ஓட்டலாம். படிக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது.

ப்ளாட்ஃபார்மும் படியும்

மேல்பலகை 18 மி.மீ. ப்ளைவுட், எட்டுக்கு நாலு, இரண்டு ஷீட். ஒரு ஷீட்டே 30 கிலோவுக்கு மேல், இரண்டு பேர் வேண்டும். சட்டகம் 38க்கு 89 மி.மீ. மரத்தில்; நீளவாட்டில் 2440 இரண்டு, குறுக்கே 1144 ஏழு. குறுக்குச் சட்டங்கள் நடுவுக்கு நடு 40 செ.மீ. அதை 60 ஆக்கினால் மரம் மிச்சமாகும், பலகை காலடியில் அமுங்கும். ஒடியாது என்றாலும் அமுங்குவதை உணர்ந்த நடிகர் அந்த இடத்தைத் தவிர்த்து நடக்க ஆரம்பிப்பார். பலகையைச் சட்டகத்தோடு பசையும் 50 மி.மீ. ஸ்க்ரூவும் போட்டு, 20 செ.மீ.க்கு ஒன்று, 3 மி.மீ. துளை முன்னால் போட்டு இறக்கியது. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ மலிவு, கையிலும் கிடைக்கும், இங்கே கூடாது. அது உடையும் தன்மை கொண்டது. பக்கவாட்டு விசை வந்தால் தலை பட்டென்று தெறிக்கும், மேலே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும்.

கால்கள் சட்டகத்துக்குக் கீழே நேராக நிற்க வேண்டும், எடை மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கும்படி. சட்டகத்தின் பக்கத்தில் காலை ஒட்டிப் போல்ட் அடித்து விட்டால் மொத்த எடையும் போல்ட்டின் கழுத்தில் தொங்கும். இங்கே காலின் தலையில் இரண்டு பக்கமும் 12 மி.மீ. ப்ளைவுட் பட்டை வைத்துச் சட்டகத்தோடு பிடித்தது. பட்டையின் வேலை கால் விலகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். ஒரு சட்டகத்துக்கு ஆறு கால், மொத்தம் பன்னிரண்டு. இந்த உயரத்துக்குக் கால்களுக்கு இடையில் மூலைவிட்டச் சட்டம் கட்டாயம், இரண்டு திசையிலும். ஒரே திசையில் மட்டும் போட்டால் மற்ற திசையில் ஊஞ்சல்.

கால் நீளம் எங்கே தவறும் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தளத்தின் மேல் 5 மி.மீ. ஃபோம், அதன் மேல் 3 மி.மீ. ஹார்டுபோர்டு, சத்தம் குறைய. அந்த 8 மி.மீ. முதல் கணக்கில் இல்லை. ப்ளைவுட் மேல்முகம் வரை 900 என்று கால் அறுத்து, படியை 150, 150 என்று வைத்தாயிற்று. இந்த இரண்டும் சேர்ந்த மூடுபலகை போட்ட பிறகு கடைசி ஏற்றம் மட்டும் 158. முதல் நாள் ஏறியவர்களில் மூன்று பேர் அதே கடைசிப் படியில் நுனிக்கால் தட்டினார்கள். ஐந்து படியில் கால் ஓர் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. ஆறாவதில் 8 மி.மீ. அதிகம் என்பதைக் கண்ணுக்குச் சொல்லித் தெரியாது, காலுக்குத் தெரியும். படிகளின் மேலும் அதே மூடுபலகையைப் போட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். அப்போது தளமும் படிகளும் சேர்ந்து 8 மி.மீ. உயர, தரை மட்டும் அங்கேயே இருக்கும். தவறு முதல் ஏற்றத்துக்கு இடம் மாறும், அவ்வளவே. மூடுபலகை என்ன தடிமன் என்று முதலில் முடிவு செய்து, எல்லாவற்றிலும் அதைக் கழித்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.

சரிவோடு சேர்த்துத் திருத்திய கணக்கு இது. படிக்கட்டு தளத்தின் பக்கத்தில், தளத்தின் முன்விளிம்போடு ஒட்டி, மேடைக்குக் குறுக்காக இறங்குகிறது. அகலம் 90 செ.மீ. அந்த அகலத்தின் நடுவில், அதாவது முன்விளிம்பிலிருந்து 45 செ.மீ. உள்ளே, தரையிலிருந்து தளம் சரியாக 900 இருக்க வேண்டும். தரை அங்கிருந்து முன்னால் வர 9 மி.மீ. தாழ்வதால் முன்விளிம்பில் 909. அதிலிருந்து மூடுபலகை 8, ப்ளைவுட் 18, சட்டம் 89, காலடி ரப்பர் 3 கழித்தால் முன்கால் 791. நடுக்கால் 767. பின்கால் 742. ரப்பர் கொஞ்சம் அமுங்கும் என்பதால் காலின் அடியைச் சாய்த்து அறுக்கத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு காலுக்கும் கீழே 15 செ.மீ. சதுர ப்ளைவுட் துண்டு வைத்து எடையைப் பரப்ப நினைத்தால் அதன் தடிமனும் இதே கழித்தலில் வர வேண்டும். இங்கே தரை கனமான பலகை என்பதால் வைக்கவில்லை.

படியின் கணக்கு எளிது. ஏற்றத்தின் இருமடங்கோடு மிதியின் நீளத்தைக் கூட்டினால் 600 முதல் 640 மி.மீ.க்குள் வர வேண்டும். ஏற்றம் 150, மிதி 300, கூட்டினால் 600. ஆறு ஏற்றத்துக்கு மிதி ஐந்து. ஆறாவது மிதி தளமேதான். மூன்று பக்கச் சட்டங்களும் 18 மி.மீ. ப்ளைவுட்டில் படி வடிவில் வெட்டியவை. தரைச் சரிவால் முன்சட்டத்தின் அடி 9 மி.மீ. நீளம், பின்சட்டத்தின் அடி 9 மி.மீ. குறைவு. மிதிகள் ரசமட்டத்துக்கு இருக்கும். முதல் ஏற்றம் மட்டும் முன் ஓரத்தில் 159, பின் ஓரத்தில் 141. தரையே சரிந்திருக்கும்போது இதற்கு மருந்து இல்லை. ஏறுபவர் நடுவில் ஏற வேண்டும் என்று இயக்குநரிடம் சொல்லி, ஒத்திகையிலேயே பழக்குவதுதான். ஏற்றங்களை அடைக்கும் 9 மி.மீ. பலகையை அழகுக்கு என்று நினைத்து விடக் கூடாது. படிக்கட்டு பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பது அதுதான்.

கிறீச் சத்தம் இரண்டு இடத்தில் வந்தது. ஒருவர் மேலே மெதுவாக நடக்க, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்தால் எங்கே என்று பிடிபடும். ஒன்று, இரண்டு சட்டகமும் சேரும் இடத்தில் மரமும் மரமும் உரசியது. நடுவில் 3 மி.மீ. ஃபெல்ட் வைத்து, 10 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளப் போல்ட் மூன்றால், பெரிய வாஷரோடு இறுக்கியதும் நின்றது. மற்றது, பசை படாத ஒரு மூலை. அங்கே இன்னும் இரண்டு ஸ்க்ரூ போட்டது. சத்தம் போன பிறகும் மத்தளம் போல அதிர்ந்தது. குறுக்குச் சட்டங்களுக்கு இடையில் கட்டைகளைத் தள்ளித் தள்ளி அடித்து, அடியில் பழைய கம்பளச் சுருள்களை நிரப்பியதும் ஓரளவு அடங்கியது. முழுக்க அடங்காது, உள்ளே காற்று இருக்கிறதே.

தளத்தின் பின்விளிம்பில், பார்வையாளருக்குத் தெரியாத பக்கம், 110 செ.மீ. உயரக் கம்பி, நடுவில் ஒன்று, அடியில் 10 செ.மீ. பலகை. இருட்டில் இறங்கும் பின்படிக்குக் கைப்பிடியும் விளிம்பில் வெள்ளை டேப்பும். முன்னால் இருக்கும் படியைவிட இதில்தான் ஆள் விழுவார்கள், வெளிச்சத்திலிருந்து நேரே இருட்டுக்குள் வருவதால்.

கதவு

கதவு நடிகர் இடப்பக்கச் சுவரில். பக்கச் சுவர்க் கதவுக்குப் பழைய விதி ஒன்று உண்டு: கீல் பின்மேடைப் பக்கம், திறப்பு மேடைக்கு வெளியே. காரணம் பார்வைக்கோடு. திறந்த கதவு பின்பக்கத்தில் ஒரு தட்டிபோல நின்று, வாசல் வழியாக உள்ளே எட்டும் பார்வையைத் தானே மறைக்கும். கீலை மாற்றிப் போட்டால் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள் காட்சிக்குள் வந்துவிடுவார்கள்.

சரிவு இங்கே வேடிக்கை காட்டியது. மூடிய கதவு சரிவின் திசையிலேயே நிற்கிறது, 90 செ.மீ. அகலத்தில் தரை 18 மி.மீ. மாறுகிறது. கீல் பக்கம் உயரத் தரை, கைப்பிடிப் பக்கம் தாழ்ந்த தரை. கதவின் அடியைத் தரைக்கு இணையாகச் சாய்த்து அறுத்து, எங்கும் 8 மி.மீ. இடைவெளி விட்டால் மூடியபோது பார்க்க நேர்த்தி. திறந்ததும் கைப்பிடி முனை கீலுக்கு நேர் பக்கத்தில், உயரத் தரையின் மேல் வந்து நிற்கும். அந்த முனையோ 18 மி.மீ. கீழே தொங்குகிறது. எட்டைக் கழித்தால் 10 மி.மீ. தரைக்குள் போக வேண்டும். போகாது, பாதி திறப்பில் இறுகி நிற்கும். ஆகவே அடியை ரசமட்டத்துக்கு அறுத்து, கீல் பக்கம் 8, மறுமுனையில் 26 மி.மீ. இடைவெளி என்று ஏற்றுக்கொள்வதே வழி. அந்த 26 வழியாகப் பக்கத்து விளக்கு வெளிச்சம் கசியும். உள்முகத்தில் கறுப்பு ஃபெல்ட் பட்டை, தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கும்படி ஒட்டியதும் அடைபட்டது. திறக்கும்போது அது மடங்கிக்கொள்கிறது, சத்தமும் இல்லை.

நிலை தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும், தரைக்குச் செங்குத்தாக நிற்கக் கூடாது. சரிந்த தரையில் இரண்டும் வெவ்வேறு. கீல் மூன்று, 100 மி.மீ. மூன்றின் அச்சும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கதவு முறுக்கும். அந்தக் கோடே சாய்ந்திருந்தால் கதவு தானாகத் திறக்கும் அல்லது மூடும். சோகக் காட்சியில் தானாகத் திறக்கும் கதவைப் போல அரங்கைச் சிரிக்க வைப்பது வேறில்லை. நிலையின் இரண்டு கால்களும் விரியாமல் இருக்க அடியில் 5 மி.மீ. தடிமன், 20 மி.மீ. அகல இரும்புப் பட்டை, முனைகளை மேலே வளைத்து ஸ்க்ரூ போட்டது.

தாழ்ப்பாள் நாக்கு வேண்டாம். ஒருநாள் நிலை 2 மி.மீ. நகர்ந்தாலும் அது பிடிக்காது, அல்லது விடாது. உருண்டை வைத்த பிடிப்பு போதும். இழுத்தால் விடும், தள்ளினால் பிடிக்கும். கைப்பிடி 100 செ.மீ. உயரத்தில் இரண்டு முகத்திலும். வெளியிலிருந்து வருபவருக்குக் கைப்பிடி இடது கையில் வரும், வலது கையில் விளக்கு. இடக்கைக்காரர் விளக்கை இடது கையில் பிடித்துப் பழகியிருந்தார். கதவுக்காக வலது கையை உடம்பின் குறுக்கே நீட்ட வேண்டியிருந்தது. சின்னக் குமிழைக் கழற்றி 30 செ.மீ. நீளச் செங்குத்துப் பிடி வைத்ததும் எந்தக் கைக்கும் எட்டியது.

அடித்துச் சாத்தும் காட்சி ஒன்று உண்டு. முதல் முறை சாத்தியபோது தட்டியின் தலை 2 செ.மீ. ஆடியது. கல்வீடு துணிவீடு ஆவது அந்தக் கணத்தில்தான். மருந்து மூன்று. நிலையின் இரண்டு பக்கமும் 10 செ.மீ.க்குள் முக்கோண முட்டு: 200 செ.மீ. உயரத்தில் தட்டியைப் பிடித்து, அடியில் 100 செ.மீ. நீண்டு, ஒவ்வொன்றின் மேலும் 25 கிலோ மணல் மூட்டை இரண்டு. மூட்டையை முட்டின் கடைக்கோடியில் வைக்க வேண்டும்; தட்டியருகே வைத்தால் பாதிப் பலன்தான். அடுத்து, கதவுக்கு மேலே 215 செ.மீ. உயரத்தில் மூன்று தட்டிகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரே ரீப்பர், விளிம்பு நிமிர்ந்தபடி. மூன்றாவது, கதவு வந்து மோதும் பட்டையில் 5 மி.மீ. ஃபெல்ட். ஆட்டம் போயிற்று, கூடவே சத்தமும் போயிற்று. இயக்குநருக்கு வேண்டியது ஆட்டமில்லாத சத்தம். மேல்பட்டையில் ஃபெல்ட்டை அப்படியே வைத்து, கைப்பிடிப் பக்கம் மட்டும் உரித்து மரத்தில் மரம் மோதவிட்டதில் இரண்டும் கிடைத்தது.

தட்டியும் துணியும்

தட்டிச் சட்டம் 19க்கு 64 மி.மீ. ரீப்பர், மூலைகளில் 6 மி.மீ. ப்ளைவுட் முக்கோணம். முக்கோணத்தை வெளி விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே தள்ளி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தட்டி செங்கோணத்தில் சேரும்போது இடிக்கும். மூலைமட்டத்தை நம்பி விடாமல் மூலைவிட்டம் இரண்டையும் அளப்பது; 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பசை காயும் முன் தள்ளிச் சரிசெய்வது. பக்கச் சுவர்த் தட்டிகளின் அடி 122 செ.மீ.க்கு 24 மி.மீ. சாய்வாக அறுபடும்.

காடாத் துணியைத் தளர்வாக அடிக்க வேண்டும், நடுவில் பிடித்து இழுத்தால் 2 செ.மீ. எழும்புமளவு. ஸ்டேப்ளர் பின் சட்டத்தின் உள்விளிம்பில், நடுவில் தொடங்கி மூலைக்கு. நீர்த்த பசை பூசியதும் துணி சுருங்கி இறுகும். முதலிலேயே இறுக்கி அடித்த ஒரு தட்டி காய்ந்த பிறகு உடுக்கைபோல நடுவில் ஒடுங்கிவிட்டது. பக்கத்துத் தட்டியோடு சேர்த்தால் நடுவில் 9 மி.மீ. பிளவு. பின்னால் ஒரு குறுக்குச் சட்டம் நெருக்கி அடித்துத்தான் அதை விரிக்க முடிந்தது.

தீத்தடுப்புக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 70 கிராம் வெண்காரம், 30 கிராம் போரிக் அமிலம். பருத்தித் துணிக்கு மட்டும். செயற்கை இழைக்கு இது வேலை செய்யாது. கையுறை வேண்டும், பொடியை மூக்கில் ஏற்றக் கூடாது. துணியை அடிப்பதற்கு முன்பே நனைத்து உலர்த்தி, வண்ணம் காய்ந்ததும் பின்முகத்தில் மறுபடி தெளித்தது, பசைநீர் பட்டால் உப்பு கரைந்து போகும் என்பதால். சோதனைக்கு ஒரு நீளத் துண்டைத் தொங்கவிட்டு, திறந்த வெளியில், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, அடியில் 12 விநாடி சுடர் காட்டுவது. சுடரை எடுத்த 2 விநாடிக்குள் அணைய வேண்டும், எரிந்த துளி விழக் கூடாது. இது நம் சோதனை. தீயணைப்பு அதிகாரி கேட்கும் சான்றுக்கு மாற்றாகாது.

பொருத்தியதும் பிரித்ததும்

ப்ளாட்ஃபார்ம், படி, கதவுத் தட்டி, மற்றத் தட்டிகள், பிறகு வண்ணத் திருத்தம். ஒவ்வொரு காட்சிக்கும் அரை மணி முன்னால் ஒருவர் கதவைப் பத்து முறை சாத்திப் பார்ப்பார், படியில் செருப்போடு ஒருமுறையும் வெறுங்காலோடு ஒருமுறையும் ஏறுவார், முட்டு மூட்டைகளைக் காலால் தள்ளிப் பார்ப்பார். மூன்றாவது காட்சிக்குப் பிறகு உருண்டைப் பிடிப்பின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. துளை பெருத்துவிட்டதால் பசை தொட்ட தீக்குச்சி இரண்டை உள்ளே அடித்து, ஒடித்து, மறுபடி ஸ்க்ரூ. இரவில் எல்லா விளக்கும் அணைந்த பிறகு மேடை நடுவில் ஸ்டாண்டில் ஒரு பல்பு எரியட்டும். ஸ்விட்சைத் தேடி இருட்டில் வருபவர் மேடை விளிம்பு எங்கே முடிகிறது என்று காண அது ஒன்றே துணை.

பிரிக்கும்போது கால்களைக் கலந்துவிட்டால் அடுத்த ஊரில் 791, 767, 742 மூன்றையும் அளந்து பிரிக்க அரை நாள் போகும். முன்கால் தலையில் சிவப்பு, நடுவுக்கு மஞ்சள், பின்காலுக்கு நீலம் பூசி, சட்டகத்தில் அந்தந்தக் கால் உட்காரும் இடத்திலும் அதே நிறம். நிறத்துக்குப் பக்கத்தில் சரிவு ‘50க்கு 1’ என்றும் எழுத வேண்டும். மட்டமான தரையுள்ள மேடைக்குப் போனால் இந்தக் கால்கள் ஆகாது. எல்லாம் 782 என்று இன்னொரு பன்னிரண்டு கால் அறுத்தாக வேண்டும்.